முந்நூற்று அறுபத்தைந்து ஜி.பி. பொதுப்பாதை

மந்திவலசுக்காரர்களைப் பற்றி வெளியூரில் சொல்லுவதெல்லாம் வீண் பழி. நான் பதினோரு வருஷமாக அந்த ஊர்த் தபாலாபீஸில் இருக்கிறேன். வெளியே சொல்லுவதைவிட உள்ளே விஷயம் கொஞ்சம் மோசம், அவ்வளவுதான்.

அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அதுதான் அவர்களுடைய நல்ல குணம், தொல்லை இரண்டும். "சித்தெ நேரம் இந்தக் குடையைப் பிடிங்க" என்று கொடுத்துவிட்டு ஒருமுறை நான் திருப்பூர் போய்விட்டேன். மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது அந்த மனுஷன் அதே இடத்தில், வெயில் தாழ்ந்த பிறகும், என் குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஊர்க் கடைவீதியில் மும்மூர்த்தி ஸ்டுடியோ என்று ஒன்று உண்டு. அண்ணன் தம்பி மூன்று பேர் நடத்துவது. மூத்தவர் நாச்சிமுத்து கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பார். இரண்டாமவர் அவினாசியப்பன் மாட்டு இன்சூரன்ஸுக்காக, காதில் போட்ட வில்லை தெரியும்படி மாடுகளைப் படம் பிடிப்பார். கடைசித் தம்பி சென்னியப்பன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தன்னைத்தானே எடுத்துக்கொள்வான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் முருகன் படம் ஒன்று வைத்திருந்தார்கள். அதன்மேல் ஃபைல்கள் விழுந்து விழுந்து, கடைசியில் வேலின் நுனி மட்டும்தான் தெரிந்தது. ஃபைல்களுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். ஒன்றின் பெயர் 'அந்தக் கல்யாணம்'. அடுத்ததன் பெயர் 'அந்தக் கல்யாணம் இல்லை, இன்னொண்ணு'.

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் அடையாள அட்டைக்காகப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரில் போட்டதும், இடம் தீர்ந்துவிட்டது என்று அது சொல்லிவிட்டு உறைந்துபோனது. என் ஒரு முகத்தைத்தான் அதனால் தாங்க முடியவில்லை என்று மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பூங்கோதை உள்ளே வந்தாள். மேலத்தெருப் பெண். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புருஷனுக்கு வெளிநாட்டில் ஒரு பால் பண்ணையில் வேலை, லீவு முடிந்து போய்விட்டான்.

"நாச்சிமுத்தண்ணா, வர்ற திங்கக்கெழமை மெட்ராஸ்ல எனக்கு விசா இன்டர்வியூ. கல்யாணம் நெசமாலுமே நடந்துச்சுன்னு போட்டோ காட்டோணுமாம். சனிக்கெழமை சாயங்காலம் பஸ் ஏறணும். போட்டோ இல்லாமப் போனா அவ்வளவுதாண்ணா. அவரு அங்க தனியாக் கெடந்து, பருப்பைத் தீய வெச்சு, அதையே தின்னுட்டு இருக்கறாரு."

கல்யாணத்துக்கு வந்த யாராவது செல்போனில் எடுத்திருக்கமாட்டார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். குறுக்கே செல்போன் நீட்டினால் படம் கெட்டுவிடும் என்று நாச்சிமுத்து மண்டப வாசலிலேயே எல்லாப் போனையும் வாங்கி அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாராம். ஆகவே பூங்கோதையின் கல்யாணம் உலகத்தில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு படங்களாக.

டவுனிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மரகதத்தை வரவழைத்தார்கள். கெட்டிக்காரி. அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஐநூறு ஜி.பி. டிஸ்க்குங்க. தடுப்பே இல்லாம ஒரே கூடமா வெச்சு மூணு பேரும் கொட்டியிருக்கறீங்க. முக்கியமானதை எல்லாம் இந்தப் பென் டிரைவுல காப்பி எடுத்திருக்கேன். இதை இந்தக் கட்டடத்துக்கு வெளிய, யாரு கையும் படாத எடத்துல வெச்சிருங்க. அப்புறம் சி டிரைவுல விண்டோஸைத் தவிர ஒரு தூசி இருக்கக்கூடாது. மிச்ச எடத்தை மூணாப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்குங்க. ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் எடத்துல வெக்காதீங்க. நானே உக்காந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயிர்றனே?"

"அது ஆவாதுங் அம்மணி" என்றார் நாச்சிமுத்து. "அண்ணன் தம்பி பாகத்தை வெளியாளு பிரிச்சா நாளைக்குச் செல்லாது. எந்தப் பட்டனை அமுக்கோணும்னு மட்டும் காட்டுங்க."

மரகதம் காட்டினாள். சென்னியப்பன் எழுதிக்கொண்டான். அவள் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். நான் தடுத்திருக்கலாம். எனக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் பென் டிரைவை எங்கே வைப்பது என்ற ஆலோசனை.

"பேங்க் லாக்கர்ல வெக்கலாம்" என்றான் சென்னியப்பன்.

"அங்க மேனேஜர் கை படுமே" என்றார் நாச்சிமுத்து.

"வைக்கப்போருக்குள்ள?"

"மாட்டு வாயி படும். கை படாதுன்னுதான் சொன்னாங்க, வாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. ஆனாலும் வேண்டாம்."

அவினாசியப்பன் வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்து நின்றார். அவர் தோட்டத்தில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலை வாசக்கால் வைக்கிற சடங்கு. வாசக்காலுக்கு அடியில் நவதானியம், பவளம், துளித் தங்கம் எல்லாம் போட்டுப் பால் ஊற்றி மூடுவார்கள். அப்படி வைத்ததை அந்த வீடு நிற்கும்வரை ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

"யாரு கையும் படாத எடம் இதைவிட எது?" என்றார்.

மற்ற இருவரும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புதன்கிழமை பென் டிரைவைப் பித்தளைச் சொம்பில் போட்டு, மூடியை மெழுகு வைத்து அடைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு இறக்கினார்கள். கொத்தனார் பூசி முடித்தார். எனக்கும் வெற்றிலை பாக்கு கிடைத்தது.

அன்று மத்தியானமே சி டிரைவைத் துடைத்தார்கள். விண்டோஸைத் தவிர ஒரு தூசியும் வைக்கவில்லை. முருகனையும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பாகப்பிரிவினை. இதற்கென்றே உள்ளூர்க் குப்பண்ணனை அழைத்தார்கள். சர்வேயர் ஆபீஸில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்தவர். நிலம் அளக்கத் தெரியாது, சங்கிலி பிடிக்கத் தெரியும். அவர் கம்ப்யூட்டர் முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்து, "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஐநூறுங்க. பெட்டி மேலயே போட்டிருக்குது."

"உள்ள எவ்வளவு காட்டுது?"

சென்னியப்பன் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தான். "நானூத்தி அறுபத்தஞ்சுதான் காட்டுதுங்க."

குப்பண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கராசுவின் ஜெராக்ஸ் கடை.

"ஆக்கிரமிப்பு" என்றார்.

நான்கு பேரும் எழுந்து போனார்கள். தங்கராசுவும் மந்திவலசுக்காரன்தான். "முப்பத்தஞ்சு ஜி.பி.யா? என் மெஷின்லயே மெமரி பத்தாம நான் அழுதுட்டு இருக்கறேன்" என்றவன், சந்தேகம் இருந்தால் பாருங்கள் என்று மெஷினைத் திறந்து காட்டினான். இங்க் தூளைத் தவிர ஒன்றும் இல்லை. கருப்பான கைகளோடு திரும்பி வந்தார்கள். கிடைத்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகத் தங்கராசு கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான்.

"போனது போவட்டும், இருக்கறதைப் பிரிப்போம்" என்றார் நாச்சிமுத்து. பெரிய மனசு அவருக்கு.

விண்டோஸுக்கு நூறு ஒதுக்கினார்கள். முன்னாலிருந்தே குடியிருக்கிறவரைக் காலி செய்யச் சொல்ல முடியாதல்லவா. மிச்சம் முந்நூற்று அறுபத்தைந்து. ஊர் முறைப்படி மூத்தவர் பங்கு போடுவார், இளையவன் முதலில் எடுப்பான். சென்னியப்பன் முதல் பங்கை எடுத்தான், நாச்சிமுத்து நடுப்பங்கை வைத்துக்கொண்டார். கடைசிப் பங்கு அவினாசியப்பனுக்கு வந்தது.

அவினாசியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்ணா, முன்னால தம்பி, நடுவுல நீங்க. கடைக்கோடியில இருக்கற என் பங்குக்கு நான் எப்படிப் போறது? உங்க எடத்துல கால் வெக்காமப் போவ முடியுமா?"

"அதானே!" என்று குப்பண்ணன் தொடையில் தட்டினார். "வழி உடாமப் பாகம் பிரிச்சா கோர்ட்டுக்குத்தான் போவோணும். பத்து ஜி.பி. அகலத்துக்குப் பாதை உடுங்க."

"பத்தா?" என்றார் அவினாசியப்பன். "என்கிட்ட இருநூத்திப் பன்னெண்டு மாடு இருக்குதுங்க. எதுக்க எதுக்க ரெண்டு வந்துச்சுன்னா முட்டிக்கும். நாப்பதாவது வேணும்."

"நாப்பதுல என் கல்யாண ஊர்வலம் எப்படிப் போவும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து. "மாப்பிள்ளை காரு, பேண்டு செட்டு, ரெண்டு பக்கமும் லைட்டு தூக்கறவங்க. நூறு இல்லாமத் திரும்பவே முடியாது."

"நான் பைக்குல சாஞ்சுட்டு நிக்கற போட்டோ எழுபது இருக்குது" என்றான் சென்னியப்பன். "பைக்கு ஒரு ரவுண்டு அடிக்கோணுமுல்ல?"

யார் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது. அந்த அண்ணன் தம்பிகளிடம் ஒரு விசேஷம், ஒருவர் கேட்டதை இன்னொருவர் மறுக்கமாட்டார்கள். அவரவர் பங்கிலிருந்து பாதைக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார்கள். "இன்னொரு இருவது எடுத்துக்குங்க தம்பி", "உங்களுக்கு இல்லாததாண்ணா" என்று மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கே கண் கலங்கியது. கடைசியில் தீர்மானத்தைக் குப்பண்ணன் எழுதி வாசித்தார்:

"மேற்படி முந்நூற்று அறுபத்தைந்து ஜி.பி.யும் மூவருக்கும் பொதுவான நடைபாதை, வண்டிப்பாதையாக இருக்கக் கடவது. இதில் எவரும் எப்பொருளையும் நிறுத்தியோ கிடத்தியோ போக்குவரத்தை மறிக்கக் கூடாது."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் சாட்சி. டிரைவுக்குப் 'பொதுப்பாதை' என்று பெயர் வைத்தான் சென்னியப்பன். அத்தனை அகலமான பாதை இந்த மாவட்டத்திலேயே வேறெங்கும் இல்லை என்று அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்கோதை வந்தாள். நானும் என் போட்டோவுக்காக வந்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் சுத்தமாயிருச்சு அம்மணி" என்று நாச்சிமுத்து காட்டினார். காலியாக, பளிச்சென்று இருந்தது.

"என்ற போட்டோ எங்கண்ணா?"

"பத்திரமா இருக்குது. அவினாசி வீட்டு வாசக்காலுக்கு அடியில."

பூங்கோதை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாலு ராத்திரியா நான் தூங்கலைண்ணா. அவரு போன் பண்றப்பல்லாம் 'வந்தர்றேன், வந்தர்றேன்'னு சொல்லிட்டு இருக்கறேன். உங்களை நம்பித்தான் சொன்னேன்" என்றாள். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

அவினாசியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாசக்காலைத் தோண்டினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவருக்கு உயிர் பயம். ஆனாலும் எழுந்தார். "ஊடு போனா இன்னொண்ணு கட்டிக்கலாம். அழுவாதீங்க அம்மணி" என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். முட்டாள்தான். ஆனால் அந்த நிமிஷம் அவரைக் கும்பிடத் தோன்றியது.

குப்பண்ணன் ஒரு பரிகாரம் சொன்னார். எடுத்ததை ராகு காலம் பிறப்பதற்குள், பத்தரைக்குள், திருப்பி வைத்துவிட்டால் தோஷமில்லை. கொத்தனாரைப் பிடித்துக் கல்லைக் குடைந்து சொம்பை எடுக்க ஒன்பதே முக்கால். ஸ்டுடியோவுக்கு ஓடிவர ஒன்பது ஐம்பத்தைந்து.

"கம்ப்யூட்டருக்கு மாத்தி வைங்கண்ணா. நான் டவுனுக்குப் போயி ஒரு பென் டிரைவ் வாங்கிட்டு ரெண்டு மணிக்குள்ள வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை பஸ்ஸுக்கு ஓடினாள்.

சென்னியப்பன் பென் டிரைவில் இருந்ததை எல்லாம் ஒரே ஃபோல்டராகக் காப்பி செய்து கம்ப்யூட்டரில் இறக்கினான். அவினாசியப்பன் பென் டிரைவோடு தோட்டத்துக்கு ஓடினார். பத்து இருபத்தெட்டுக்குச் சொம்பு மறுபடி அடியில் போய்விட்டது, கல்லும் பூசியாகிவிட்டது. இனி இந்தப் பிறவியில் அதை எடுக்கமுடியாது.

அப்போதுதான் நாச்சிமுத்து கேட்டார்.

"தம்பி, எங்க எறக்கி வெச்ச?"

"பொதுப்பாதையிலங்ணா. வேற எடம் ஏது?"

"பாதையிலயா? கையெழுத்துப் போட்டிருக்கறமேடா!"

பெரிய தர்மசங்கடம். சி-யில் வைக்கக்கூடாது, மரகதம் சொல்லியிருக்கிறாள். பாதையில் வைக்கக்கூடாது, பத்திரம் சொல்லுகிறது. அழித்தால் பூங்கோதையின் வாழ்க்கை போய்விடும். நான் சாட்சிக் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அது மண்ணுக்குள் போன பிணத்தைத் திருப்பிக் கேட்கிற மாதிரி என்று குப்பண்ணன் மறுத்துவிட்டார்.

நாச்சிமுத்து பத்திரத்தை எடுத்து மறுபடி மறுபடி படித்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"'நிறுத்தியோ கிடத்தியோ'ன்னுதானே போட்டிருக்குது? நிறுத்தத்தான் கூடாது. போய்ட்டே இருந்தா?"

"ஊர்வலம்!" என்று கத்தினான் சென்னியப்பன்.

பொதுப்பாதையின் ஒரு கோடியில் 'கிழக்கு' என்று ஒரு ஃபோல்டர், மறுகோடியில் 'மேற்கு' என்று ஒரு ஃபோல்டர் திறந்தார்கள். கல்யாணத்தைக் கிழக்கிலிருந்து வெட்டி மேற்கில் ஒட்டினார்கள். ஒட்டின கையோடு மேற்கிலிருந்து வெட்டிக் கிழக்கில் ஒட்டினார்கள். ஒரு நொடிகூட நிற்கவிடவில்லை. கை வலித்தால் அடுத்தவர் உட்கார்ந்தார். நாச்சிமுத்து முறை வந்தபோது வாயால் நாதஸ்வரமும் வாசித்தார்.

இரண்டு மணிக்குப் பூங்கோதை புதுப் பென் டிரைவோடு வந்தபோது மூன்று பேரும் வியர்வையில் குளித்திருந்தார்கள்.

"நிறுத்துங்கண்ணா, காப்பி பண்ணிக்கறேன்."

"நிறுத்த முடியாது அம்மணி. பாதை."

என்ன ஏதென்று நான் சொன்னேன். பூங்கோதை கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். அவளும் மந்திவலசில் பிறந்தவள்தானே, இவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"ஏண்ணா, கல்யாண ஊர்வலம்னா எங்க போயி முடியோணும்?"

"பொண்ணு ஊட்டுலதான்."

"இதுதான் பொண்ணு ஊடு."

மூன்று பேரும் பென் டிரைவைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூட்டிட்டுப் போம்மா, நல்லா இருங்க" என்றார். சென்னியப்பன் கடைசி முறையாக வெட்டி, பெண் வீட்டில் ஒட்டினான். அவினாசியப்பன் திரைக்கு ஆரத்தி சுற்றினார். பூங்கோதை பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெட்ராஸிலிருந்து எனக்குப் போன் செய்தாள். விசா கிடைத்துவிட்டது. குரலே சிரித்தது.

"அவசரத்துல டவுன்ல எல்லாத்தையும் சின்னச் சின்னப் படமாப் பிரிண்டு போட்டுக் குடுத்துட்டாங்க. ஆபீசர் பாத்துட்டு, பாஸ்போர்ட் சைஸ்ல மொறைச்சுட்டு இருக்கறவரு யாருன்னு கேட்டாரு. சித்தப்பான்னு சொல்லிட்டேனுங்க. அப்புறம் இந்த இருநூத்திப் பன்னெண்டு மாடு எதுக்குன்னு கேட்டாரு. சீருன்னு சொன்னேன். 'ஓ'ன்னு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாருங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதோடு என் அடையாள அட்டை ஞாபகமும் வந்தது. ஸ்டுடியோவுக்குப் போனேன். மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள்.

"என் போட்டோ?" என்றேன்.

"உங்க போட்டோ பொண்ணு ஊட்டுக்கு ஊர்வலத்துல போயிருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து. "மறுவீட்டு விருந்துக்கு வருவாங்கல்ல, அப்பக் கூடவே வந்துரும்."

"சரி, புதுசா ஒண்ணு எடுத்துவிடுங்க."

"எடுத்தா வெக்கறதுக்கு எடம்?"

அதுவும் நியாயம்தான். சென்னியப்பன் திரையில் ஒன்றுமில்லாத வெறும் ஃபோல்டர் ஒன்றைக் கிழக்கிலிருந்து வெட்டி மேற்கில் ஒட்டி, மேற்கிலிருந்து வெட்டிக் கிழக்கில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் என்ன தம்பி?" என்று குனிந்து பார்த்தேன்.

"பொண்ணை உட்டுப்போட்டுக் காலி வண்டி திரும்பி வந்துட்டு இருக்குதுங்க" என்றான், கையை நிறுத்தாமல். "சித்தெ ஓரமா நில்லுங்க."

நான் ஓரமாக நின்றேன்.